எண்ணிக்கை சரி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுத உட்கார்ந்ததும் வேற எதையாவது எழுதிட்டு ஓடிப்போன விஷயம் இது. சினிமா, சாப்பாடு, ஊர்த் திருவிழான்னு இங்க நான் எழுதாத மொக்கை இல்லை. ஆனா இரண்டரை வருஷம் பார்த்த ஒரு வேலையைப் பத்தி மட்டும் ஒரு வரி கூட எழுதினதில்லை.

போன வாரம் சித்தப்பா பையன் ஃபோன் பண்ணினான். எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சவன். "அண்ணே, கூர்நோக்கு இல்லத்துல காப்பாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. தொகுப்பூதியம்தான். நீங்க அந்த வேலையிலதானே இருந்தீங்க? போகலாமாண்ணே?"ன்னு கேட்டான். "நாளைக்குச் சொல்றேன்டா"ன்னு ஃபோனை வச்சவன்தான். நாலு நாள் ஆச்சு. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்க எழுதறேன். நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

கூர்நோக்கு இல்லம்னா என்னன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும் 'சீர்திருத்தப் பள்ளி'ம்பாங்க, ஆட்டோக்காரர்கிட்ட 'பசங்க ஜெயில்'னு சொன்னாத்தான் கரெக்டா கொண்டுபோய் விடுவார். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற பையன் ஒரு வழக்குல பிடிபட்டா அவனை லாக்கப்புல வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்கு முன்னாடி நிறுத்தணும். ஒரு மாஜிஸ்திரேட், ரெண்டு சமூக சேவகர்கள், அதுல ஒருத்தராவது பெண். இதுதான் குழுமம். பசங்க பாஷையில 'போர்டு'. விசாரணை முடியிற வரைக்கும் பையனை வச்சிருக்குற இடம்தான் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிஞ்சு, தப்பு பண்ணினான்னு முடிவாகி, உள்ள வைக்கணும்னு உத்தரவு போட்டா அது சிறப்பு இல்லம், அதிகபட்சம் மூணு வருஷம். அதாவது நான் வேலை பார்த்த இடத்துல இருந்த பசங்க யாருமே இன்னும் குற்றவாளின்னு முடிவானவங்க இல்லை. இதை ஊர்ல எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் தெரியுமா? கேட்டுட்டு, "சரி, ஆனா எத்தனை கொலைகாரப் பசங்க இருக்கானுங்க?"ன்னுதான் அடுத்த கேள்வி வரும்.

இன்னொன்னு. சட்டப்படி ஜாமீன்ங்கிறது இந்தப் பசங்களுக்கு வழக்கமா கிடைக்க வேண்டிய விஷயம். வெளிய விட்டா பையனுக்கே ஆபத்து, இல்ல கெட்ட சகவாசத்துல போய் விழுவான், இல்ல நீதிக்கே கேடுன்னு காரணம் இருந்தாத்தான் மறுக்கலாம். அப்புறம் யாருங்க உள்ள மாசக்கணக்கா இருக்காங்க? கூட்டிட்டுப்போக ஆள் வராத பசங்க. ஒரே பைக்கைத் திருடின ரெண்டு பேர்ல, மாமா கவுன்சிலருக்குத் தெரிஞ்சவர்னா மூணாம் நாள் வீட்டுல இருப்பான். அம்மா செங்கச் சூளையில வேலை, அப்பா எங்கன்னே தெரியாதுன்னா அவன் தீபாவளிக்கும் எங்ககூடதான். அந்த அம்மா வாய்தா சீட்டைக் கொண்டு வந்து "தேதி என்ன போட்டிருக்கு சார்"னு கேட்கும். படிச்சுச் சொல்வேன். அன்னிக்கு வேலைக்குப் போகலைன்னா கூலி கிடையாது. சில வாய்தாவுக்கு வராது. பையன் வேன்ல இருந்து இறங்கி கூட்டத்தைத் தேடுவான் பாருங்க.. சரி, அதை விடுங்க.

2015 ஜூலையில சேர்ந்தேன், 2017 கடைசியில வெளிய வந்தேன். எந்த ஊர் இல்லம்னு சொல்லப் போறதில்லை. பசங்க அடையாளம் தெரியிற மாதிரி எழுதவும் கூடாது, சட்டமே அப்படித்தான். ஆர்டர்ல காப்பாளர்னு போட்டிருந்துச்சு. பசங்களுக்கு 'சார்'. எங்க வீட்டுல அம்மா மட்டும் சொந்தக்காரங்ககிட்ட "ஹாஸ்டல் வார்டனா இருக்கான்"னு சொல்லிச் சமாளிச்சாங்க. பொண்ணு பார்க்குற நேரம், அவங்க கஷ்டம் அவங்களுக்கு :-)

பயிற்சி? மொதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனேன். பழைய காப்பாளர் ஒரு சாவிக்கொத்து, ஒரு ரிஜிஸ்டர், ஒரு டார்ச் லைட் கொடுத்தார். டார்ச் எரியலை. "ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை, காலையில அஞ்சரைக்கு ஒரு தடவை தலையை எண்ணுங்க. எண்ணி ரிஜிஸ்டர்ல எழுதுங்க. எண்ணிக்கை சரியா இருந்தா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது தம்பி"ன்னு சொல்லிட்டு பஸ் பிடிக்கப் போயிட்டார். அவ்வளவுதான் என் பயிற்சி.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மைன்னு போகப் போகப் புரிஞ்சது. காலையில மேலதிகாரி ஃபோன் பண்ணினா மொதல் கேள்வி "எண்ணிக்கை சரியா?". ஷிஃப்ட் மாறும்போது கேட்குறது "எண்ணிக்கை சரியா?". ஒரு பையன் சுவர் ஏறிக் குதிச்சுட்டா அன்னிக்கு ராத்திரியில இருந்தவனுக்கு மெமோ. பேப்பர்ல செய்தி வந்துடும், மேல இருந்து ஆள் வருவாங்க, தொகுப்பூதியக்காரனா இருந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனா ராத்திரி ஒரு பையன் அழுதான், ஒருத்தன் சாப்பிடலை, ஒருத்தன் அடி வாங்கினான்னு யாரும் கேட்டதே இல்லை. கேட்காத விஷயத்தை யாருங்க எழுதுவா?

ராத்திரிகளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பகல்ல அந்த இடம் ஏறக்குறைய ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். வாத்தியார் வருவார், தையல் சொல்லித் தர ஒருத்தர் வருவார், ஆற்றுப்படுத்துநர் மேடம் வருவாங்க, கேரம் போர்டு, டிவி. அஞ்சரை மணிக்கு மேல எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் காலையில வரைக்கும் முப்பத்து நாலு பசங்க, நான், கேட்ல ஒரு வாட்ச்மேன். அந்த வாட்ச்மேன் தாத்தாவுக்கு ராத்திரியில கண்ணு தெரியாது. நான் கிண்டலுக்குச் சொல்லலை.

முப்பத்து நாலு பேரும் ஒரே ஹால். பாய், தலைக்குச் சுருட்டின துண்டு. மாதிரி விதிகள்ல ஒரு பையனுக்குத் தூங்க 40 சதுர அடி கொடுக்கணும்னு இருக்கு. நான் அளந்து பார்த்ததில்லை, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் வைக்க இடம் தேடித்தான் நடப்பேன். சொறி சிரங்கு ஒருத்தனுக்கு வந்தா ஒரு வாரத்துல ஹாலுக்கே வரும். எல்லாரையும் நிக்க வச்சு கழுத்துல இருந்து கால் வரைக்கும் வெள்ளை மருந்து தடவணும். 'ஐயோ எரியுது சார்'னு துள்ளுவானுங்க. அந்த அரை மணி நேரம் மட்டும் எல்லாரும் சின்னப் பசங்களா இருப்பானுங்க. மொதல் வாரம் வந்தவனுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், சோறு இறங்காது. பஞ்சர் ஒட்டுற சொல்யூஷனை மோந்து மோந்து பழகினவன், திடீர்னு நிறுத்தினா அப்படித்தான். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவார். நடுராத்திரியில அவனைச் சுவர்ல சாய்ச்சு உட்கார வச்சு சீனித்தண்ணி கொடுத்துக்கிட்டு, இது சரியா தப்பான்னே தெரியாம உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் பாய் நனைக்கிற பசங்க. நீங்க நம்ப மாட்டீங்க. பேப்பர்ல 'கொடூரச் சிறுவன்'னு போட்ட ஒருத்தன் இருந்தான். பதினாறு வயசு, மீசை அரும்பினவன். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து சத்தமில்லாம பாயைச் சுருட்டிக்கிட்டு என் மேஜைக்குப் பக்கத்துல வந்து நிப்பான். ஒண்ணும் பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். பின்கதவைத் திறந்து விடுவேன், அலசிக் காயப்போட்டுட்டு வந்து படுப்பான். அஞ்சரை எண்ணிக்கைக்கு முன்னாடி அது முடிஞ்சுடணும், மத்தவனுங்களுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சான். ராத்திரியில கதவைத் திறக்கவே கூடாதுங்கிறது விதி. அந்த விதியை நான் அஞ்சு மாசம் மீறினேன். இரண்டரை வருஷத்துல நான் உருப்படியா செஞ்ச வேலை எதுன்னு கேட்டா அதைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. இனிமே நல்லா இருக்காது.

முப்பத்து நாலு பேரை ஒரு ஆள் எப்படிங்க சமாளிக்கிறது? பழைய ஆட்கள் கண்டுபிடிச்ச வழி 'லீடர்'. இருக்குறதுல பெரியவனா, உடம்பு உள்ளவனா, மத்தவனுங்க பயப்படுறவனா ஒருத்தனைப் பிடிச்சு ஹாலை அவன்கிட்ட விட்டுடறது. வரிசை நிக்க வைக்கிறது, தட்டு கழுவ ஆள் விடறது, சத்தம் போட்டா அடக்கறது எல்லாம் லீடர் வேலை. பதிலுக்கு லீடருக்கு ரெண்டாவது முட்டை, ஃபேனுக்கு நேர் கீழ பாய். வெளிய கேங்கு வச்சிருந்தவனுக்கு உள்ள நாமளே ஒரு கேங்கு கொடுக்கறோம், அதுவும் அரசாங்கச் சோத்துல! முதல் மாசம் இதை எதிர்த்துப் பேசினேன். மூணாவது மாசம் நானே லீடரைக் கூப்பிட்டு "டேய், இன்னிக்கு சத்தம் வரக்கூடாது பார்த்துக்க"ன்னு சொன்னேன். சத்தம் வரலை. எப்படி வரலைன்னு நான் போய்ப் பார்க்கலை.

2016 மே மாசம் ஒரு ராத்திரி. கத்திரி வெயில், கரண்ட் இல்லை, கொசு. அதுக்கு முந்தின ராத்திரியும் எனக்குத்தான் டியூட்டி, மாத்திவிட வேண்டிய ஆள் வரலை. ரெண்டு மணி இருக்கும், ஹாலுக்குள்ள ஒரே கூச்சல். டார்ச்சோட ஓடினா ரெண்டு பேர் உருண்டுக்கிட்டு இருக்கானுங்க, சுத்தி நின்னு மத்தவனுங்க கத்தறானுங்க. விலக்கப் போனேன். யாரோ என் கையில இருந்த டார்ச்சைத் தட்டி விட்டானுங்க. இருட்டு. அந்த இருட்டுல முப்பத்து நாலு பேருக்கு நடுவுல நிக்கும்போது வர்ற பயத்தை எனக்கு எழுதத் தெரியலை. கைக்கு எட்டின ஒருத்தனைப் பிடிச்சு விட்டேன் பாருங்க ஒரு அறை. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. மூணாவது அடிக்கும்போது எனக்குப் பயம் போயிருந்துச்சு. அதாவது மொதல் ரெண்டும் பயத்துல அடிச்சது, மூணாவது அப்படி இல்லை. எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கணக்கு மட்டும் மாற மாட்டேங்குது.

கரண்ட் வந்தப்பத்தான் தெரிஞ்சுது, அடிச்சது சண்டை போட்டவனை இல்லை. விலக்கி விட வந்தவனை. பதினஞ்சு வயசு. கேரம்ல கில்லாடி, அதனால இந்தப் பதிவுல அவன் பேரு 'ஸ்ட்ரைக்கர்'னு வச்சுக்குவோம். காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அழலை. ஹால் மொத்தமும் அமைதி ஆயிடுச்சு. எவ்வளவு அமைதின்னா, அதைக் கேட்டு எனக்கு ஒரு திருப்தி கூட வந்துச்சு. இதையும் சேர்த்து எழுதணும்னுதான் இத்தனை வருஷம் எழுதாம இருந்தேன்.

மேஜைக்கு வந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். 'எண்ணிக்கை 34. சரி. குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை.' என் கையெழுத்து, தேதி, நேரம்.

ரெண்டு நாள் அவனுக்குக் காதுல 'ஙொய்'னு சத்தம். டாக்டர் வந்த அன்னிக்கு "விளையாடும்போது விழுந்துட்டேன்"னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். காது சரியாயிடுச்சு, அது என் அதிர்ஷ்டம்.

அடுத்த வாரம் போர்டுல இருந்து ஆய்வுக்கு வந்தாங்க. மாசம் ஒரு தடவையாவது வரணும், சட்டம். வந்தவங்க நல்லவங்க. சமையலறையில சாம்பாரைக் கரண்டியால கிளறிப் பார்த்தாங்க, கக்கூஸ் வரைக்கும் போனாங்க. அப்புறம் பசங்களை வரிசையா உட்கார வச்சு அந்த மேடம் கேட்டாங்க, "இங்க யாராவது உங்களை அடிக்கிறாங்களா?". கேட்கும்போது நான் அவங்க நாற்காலிக்குப் பின்னாடி நிக்கறேன். லீடர் முதல் வரிசையில உட்கார்ந்திருக்கான். என்னங்க பதில் வரும்? மேடம் பார்வை ஸ்ட்ரைக்கர் மேல விழுந்துச்சு. அவன் எழுந்து நின்னு, "இல்ல மேடம். இந்த சார் ரொம்ப நல்லவரு"ன்னான்.

(புகார்ப் பெட்டின்னு ஒண்ணும் இருந்துச்சு. ஆஃபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழ மாட்டியிருந்தாங்க, யார் சீட்டு போடறாங்கன்னு உள்ள இருந்தே பார்க்குற மாதிரி. ஒரு தடவை திறந்தப்போ சாக்லேட் பேப்பர் ரெண்டு இருந்துச்சு.)

அன்னிக்கு ராத்திரி ஸ்ட்ரைக்கரைக் கூப்பிட்டேன். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். "சொன்னா உங்களைத் தூக்கிருவாங்க சார். அடுத்து வர்ற சார் எப்படியோ"ன்னான். கொஞ்சம் யோசிச்சு, "நீங்க அன்னிக்கு ஒரு நாள்தானே அடிச்சீங்க"ன்னு சேர்த்துக்கிட்டான். நான் மன்னிப்புக் கேட்டேனான்னு கேட்பீங்க. கேட்டேன். "பரவால்ல சார், போய்ப் படுக்கவா?"ன்னான்.

எனக்குச் சட்டம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. 2015 சட்டம் அந்த ஜனவரி 15லதான் நடைமுறைக்கு வந்திருந்துச்சு. பிரிவு 82: இல்லத்துல வேலை பார்க்குறவன் ஒழுங்குபடுத்தறேன்னு பையனை அடிச்சா மொதல் தடவை பத்தாயிரம் அபராதம், திரும்பச் செஞ்சா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், வேலையும் போகும். அடிச்சதைப் பத்திப் புகார் வந்து நிர்வாகம் விசாரணைக்கு ஒத்துழைக்கலைன்னா பொறுப்புல இருக்குறவருக்கு மூணு வருஷத்துக்குக் குறையாத ஜெயில். இதைவிடக் கடுமையா 75னு ஒரு பிரிவும் இருக்கு. அலமாரியில அந்தப் புத்தகம் இருந்துச்சு, நானே அட்டை போட்டது. நான் ரிஜிஸ்டர்ல உண்மையை எழுதியிருந்தா? பத்தாயிரம் என் ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். எழுதலை. புகாரும் வரலை. இரண்டரை வருஷத்துல நான் பார்த்த வரைக்கும் அந்தப் பிரிவு அந்த அலமாரியை விட்டு வெளிய வரவே இல்லை.

2022 டிசம்பர் 31. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல, திருட்டு வழக்குல சேர்த்த சில நாள்லயே, தாம்பரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் செத்துப் போனான். பதினேழு வயசு. உடம்புல இருந்த காயங்கள் பிரேதப் பரிசோதனையில வெளிய வந்து, கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் ஆறு பேரைக் கைது பண்ணினாங்க. 2023ல அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டுச்சு ('ஜெய் பீம்' படத்துல சூர்யா நடிச்சாரே, அந்த வக்கீல் இவர்தான்), அந்த வருஷம் நவம்பர்ல அவர் அறிக்கையும் கொடுத்தார்.

அந்தச் செய்தி வந்தப்போ என் வாட்ஸப் குரூப்பு எல்லாத்துலயும் 'மிருகங்கள்', 'வெறியனுங்க'ன்னு திட்டு. திட்ட வேண்டியதுதான், யாருக்கும் வக்காலத்து வாங்க நான் வரலை. ஒரு பிள்ளையைச் சாகிற அளவுக்கு அடிச்சது மூணு அறையும் ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. செங்கல்பட்டு ரிஜிஸ்டர்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என் ரிஜிஸ்டர்ல என்ன இருந்துச்சுன்னு தெரியுமே. அந்த அறை கொஞ்சம் தள்ளி, காதுக்குப் பின்னாடி விழுந்திருந்தா? பையன் சுவர்ல போய் மோதியிருந்தா? காலையில நான் என்ன எழுதியிருப்பேன்?

இங்கதான் நம்ம ஊர்ல நடக்குற விவாதம் மேல எனக்குக் கோபம். 1920லயே சிறுவர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டு வந்த மாகாணம் சென்னை மாகாணம், இந்தியாவுலயே மொதல். நூறு வருஷம் ஆச்சு. இந்த நூறு வருஷமா எதைப் பத்திப் பேசறோம்? வயசைப் பத்தி. 1986 சட்டத்துல பையன்னா பதினாறு, 2000ல பதினெட்டாச்சு, 2012 டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் 2015ல, கொடுங்குற்றம்னா பதினாறுக்கு மேல இருக்குறவனைப் பெரியவன் மாதிரி விசாரிக்கலாமான்னு போர்டு பார்த்து முடிவு பண்ணலாம்னு வந்துச்சு. டிவியில நாலு பேர் உட்கார்ந்து பதினாறா பதினெட்டான்னு கத்துவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஹால்ல யார் இருக்கா, அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க, அவன் எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கான்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. மாதிரி விதிகள்ல பையனுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் தானியம், பதினாறு வயசு தாண்டினா 700 கிராம்னு கிராம் கணக்கு இருக்கு. நல்ல விஷயம், கேலி பண்ணலை. அரிசியை நிறுக்க எங்களுக்குத் தராசு இருந்துச்சு. பக்கத்துல நிக்கிற மனுஷனை நிறுத்துப் பார்க்கத்தான் ஒண்ணும் இல்லை.

"அடியாத மாடு படியாது"ன்னு யாராவது வருவீங்க, தெரியும். என் தாய்மாமாவே அந்தக் கட்சி. அவர் பக்கத்து வீட்டு அம்மாவைச் சங்கிலி பறிக்க ரெண்டு பசங்க பைக்ல இருந்து இழுத்து, இடுப்பெலும்பு முறிஞ்சு, அந்த அம்மா இன்னும் கோல் ஊனித்தான் நடக்கறாங்க. "உன் செல்லப் பிள்ளைங்க பண்ணின வேலைடா"ம்பார் மாமா. அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? எதுவும் இல்லை. அவங்க வலி நிஜம். ஆனா மாமாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்வேன். அந்தப் பசங்க மூணு மாசத்துலயோ மூணு வருஷத்துலயோ அதே தெருவுக்குத்தான் வருவானுங்க. உள்ள இருக்கும்போது பெரியவன் சின்னவனை அடிச்சா முட்டை கிடைக்கும், சார் அடிச்சா வாயை மூடிக்கணும், கேள்வி கேட்க வந்தவங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லணும்னு கத்துக்கிட்டு வரணுமா? அதைத்தான் நாங்க கத்துக் கொடுத்தோம். அடிச்சுப் படிஞ்ச மாட்டை நான் ஒண்ணு கூடப் பார்க்கலை மாமா. அடி எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பார்த்து ஒதுங்கக் கத்துக்கிட்ட பசங்களைத்தான் பார்த்தேன்.

என்ன பண்ணலாம்னு கேட்டா, பெரிய திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ராத்திரி ஒரு ஹாலுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தனுக்குக் கோபம் வந்தா இன்னொருத்தன் கையைப் பிடிக்கறதுக்கு. லீடர் முறையை ஒழிக்கணும், ஆள் பத்தலைங்கிறதாலதான் அது இருக்குன்னு ஒத்துக்கணும். சாவிக்கொத்து கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது அனுபவசாலி ஒருத்தர்கூட நிக்க வைக்கணும். போதை இறங்குற பையனை என்ன பண்றது, சண்டையை எப்படி அடிக்காம விலக்கறதுன்னு காட்டணும், இதெல்லாம் கத்துக்கக்கூடிய விஷயம்தான். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை ஆர்டரைப் புதுப்பிச்சு, எப்ப தூக்குவாங்களோன்னு இருக்குறவன் எந்தக் காலத்துலயும் தன் தப்பை எழுத மாட்டான், அடுத்தவன் தப்பையும் எழுத மாட்டான். ஆய்வுக்கு வர்றவங்க பசங்களைத் தனியா, மரத்தடியிலயோ எங்கயோ, எங்க கண்ணுல படாம உட்கார வச்சுப் பேசணும். அப்புறம் அந்த ரிஜிஸ்டர். எண்ணிக்கைக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் வேணும். இன்னிக்கு யார் மேலயாவது கை வச்சியா, எதுக்கு, என்னாச்சு. எழுதினவனை ஒடனே தூக்காம, எழுதாம மறைச்சவனைத் தூக்கணும். இது நடக்குமான்னு கேட்காதீங்க.

ஸ்ட்ரைக்கரை அதுக்கப்புறம் ஒரு தடவை பார்த்தேன். 2021ல, கொரோனா ரெண்டாவது அலை அடங்கின சமயம், பக்கத்து ஊர் டூவீலர் ஒர்க்‌ஷாப்ல. என் வண்டிக்கு பிரேக் ஷூ மாத்தணும்னு நிறுத்தினா, கீழ உட்கார்ந்து ஸ்பேனரோட நிமிர்ந்தவன் அவன். ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டோம். பக்கத்துல முதலாளி. நான் மூச்சு விடலை. ஒரு பையன் விஷயம் முடிஞ்சு வெளிய போயிட்டா அந்தப் பழைய கணக்கு அவனை ஒட்டக்கூடாது, ஆவணத்தைக்கூட அழிச்சுடணும்னு சட்டம் சொல்லுது. தெருவுல பார்த்தா தெரியாத மாதிரி போறதும் எங்க வேலையில ஒரு பாகம். அவனும் தெரியாத ஆள்கிட்ட பேசற மாதிரியே, "பின்னாடி டயரும் தேஞ்சிருக்கு சார், சீக்கிரம் மாத்திடுங்க"ன்னான். காசை முதலாளிகிட்ட கொடுத்துட்டுக் கிளம்பினேன். அடுத்த வாரம் டயரை வேற கடையில மாத்திக்கிட்டேன்.

நேத்து ராத்திரி தம்பிக்கு ஃபோன் பண்ணிட்டேன். போகாதடான்னு சொல்லத்தான் எடுத்தேன், சொல்ல வரலை. உன்னை மாதிரி படிச்சவன் போகலைன்னா யார் போவாங்கிற வசனமும் வாயில வரலை. நல்ல டார்ச் ஒண்ணு உன் காசுல வாங்கிக்கோ, மொத வாரமே முப்பது பேர் பேரையும் மனப்பாடம் பண்ணு, 'டேய்'னு கூப்பிடாத, ரெண்டு ராத்திரி தொடர்ந்து டியூட்டி போட்டா முடியாதுன்னு எழுதிக் கொடு, லீடர் எவன்னு பார்த்து அவன் பாயை உன் மேஜைக்குப் பக்கத்துல போடு, இதெல்லாம் சொன்னேன். கடைசியா, "கை ஓங்கிட்டன்னா, அன்னிக்கே எழுதிடு. வேலை போனாலும் பரவாயில்லை"ன்னேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "நீங்க எழுதுனீங்களாண்ணே?"ன்னு கேட்டான்.

"இல்லைடா."

"சரிண்ணே"ன்னான். திங்கக்கிழமை ஜாயின் பண்றான். மொத வாரமே நைட் ஷிஃப்ட்டாம்.